விமான மைல்கள்: யாருடைய உடைமை?

ஒரகடம் நாற்சந்தியில் சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அதற்கு அண்மையில் உள்ள சிற்றூர் வடக்குப்பட்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழாய்வு செய்தபோது, கற்கால மனிதர் செதுக்கிய கருவிகளோடு ரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்த சரக்கு இந்த மண்ணில் இறங்கியிருக்கிறது.

இன்று சரக்கோடு மனிதர்களும் இங்கிருந்து கடல் கடக்கின்றனர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான், 2012இல் டெய்ம்லர் என்று தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக உற்பத்தியைத் தொடங்கியபின், இந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்குக் கொரியாவும் ஜப்பானும் ஜெர்மனியும் அயலூர்களாகிவிட்டன. பயிற்சி என்றும் இயந்திரச் சோதனை என்றும் நிறுவனச் செலவில் சென்று வருகின்றனர். வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து திரும்புவது ஒரு பக்கம். பெற்றோரை உம்ராவுக்கு அனுப்பும் குடும்பங்கள் மறுபக்கம். ஆக, நம் வீடுகளிலிருந்து விமானம் ஏறுவோர் தொகை சிறிதன்று.

ஆனால் இவ்வாறு பறப்போரில் பலர், தாம் பறந்த தொலைவுக்கும் செலுத்திய கட்டணத்திற்கும் ஈடாக விமான நிறுவனம் ‘மைல்’ என்ற பெயரில் ஒரு சலுகையைக் கணக்கில் எழுதுகிறது என்பதை அறியாமலேயே இருக்கின்றனர். அறிந்தவர்களில் சிலரோ, அதனைக் கையில் கிடைத்த புதையலாக எண்ணி வேண்டாத செலவுகளில் இறங்கிவிடுகின்றனர். இரண்டுமே பிழை. ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்குவதும், ‘நமக்கெதற்கு இந்த வம்பு’ என்று உரிய பொருளைக் கைவிடுவதும் நம்மவர்களிடம் ஒருசேரக் காணப்படும் பழக்கங்கள்!

மைல் பிறந்த கதை

அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு டெக்சாஸ் இண்டர்நேஷனல் என்ற விமான நிறுவனம் இப்படியொரு திட்டத்தை முதலில் தொடங்கியது. 1981 மே முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைப் பெரும் அளவில் அறிவித்தது. சில நாள்களில் யுனைட்டட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் போன்ற விடுதி நிறுவனங்களும் இவ்வழிக்கு வந்தன. ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுமுறை வேறு கடைக்குப் போய்விடக் கூடாது என்பதே இதன் நோக்கம். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் பெருநாளுக்கு முன்பு பழைய வாடிக்கையாளருக்குச் சேமியா பொட்டலம் ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கட்டுகிறார் அல்லவா, அதே தந்திரம்தான்.

எனினும் அந்தப் பொட்டலம் இன்று கடையைவிடப் பெரிதாகிவிட்டது. கொரோனாக் காலத்தில், 2020இல், விமானங்கள் தரையில் நின்றபோது யுனைட்டட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே அடைமானமாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? விமான நிறுவனங்கள் மைல்களை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றைக் கடன் அட்டை வைத்திருப்போருக்குத் தூவுகின்றன. அட்டைக்காரர் கட்டும் வட்டியிலும் கட்டணத்திலும் வங்கி அதனை ஈடுசெய்கிறது. இந்தச் சங்கிலியை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தக் கண்ணியில் நாம் கைவைக்கலாம், எதில் கூடாது என்பது விளங்கிவிடும்.

எப்படித் தொடங்குவது?

உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இணையத் தளத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்தால் உறுப்பினர் எண் கிடைத்துவிடும். பயணச்சீட்டு எடுக்கும்போது அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். மறந்துவிட்டால், விமான நிலையத்தில் இருக்கை அட்டை வாங்கும்போதாவது சொல்ல வேண்டும். அதுவும் தவறினால், பயணம் முடிந்த சில மாதங்களுக்குள் இருக்கை அட்டையையும் சீட்டு எண்ணையும் காட்டிக் கேட்டுப் பெறலாம். ஆகையால் மைல் கணக்கில் ஏறும்வரை இருக்கை அட்டையைக் குப்பையில் போடாதீர்கள்.

இதில் நம் மக்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. அது பெயர். கடவுச்சீட்டில் ‘முஹம்மது’ என்று ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும், உறுப்பினர் கணக்கில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக நிற்கும், மற்றோரிடத்தில் முழுதாக விரியும். சீட்டிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மைல் ஏறாது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர்க்குத் தொல்லை இன்னும் பெரிது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அத்தகையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததும், கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் தந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கடவுச்சீட்டில் எவ்வாறு உள்ளதோ, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே உறுப்பினர் கணக்கிலும் பதிந்துகொள்வது நலம்.

எந்தத் திட்டத்தில் சேர்வது? பார்த்த இடமெல்லாம் சேர்ந்து பத்துக் கணக்குகளில் தலைக்கு ஆயிரம் மைல் வைத்திருப்பதால் பயன் ஏதுமில்லை. பத்துக் குடங்களில் ஒவ்வொரு குவளைத் தண்ணீர் ஊற்றி வைத்தாற்போலத்தான் அது. விமான நிறுவனங்கள் மூன்று பெரும் கூட்டணிகளாக இயங்குகின்றன. 2014இல் ஏர் இந்தியா சேர்ந்த ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் துருக்கி ஏர்லைன்ஸும் உள்ளன. ஒன்வேர்ல்டு கூட்டணியில் கத்தார் ஏர்வேஸும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் உள்ளன. சவூதியா 2012 முதல் ஸ்கைடீம் கூட்டணியில் இருக்கிறது. கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தில் பறந்து மற்றொரு நிறுவனத்தின் கணக்கில் மைல் சேர்க்க முடியும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, ஆனால் தனித்தே பெரியது. எனவே, துபாயில் வேலை பார்க்கும் பிள்ளை உள்ள வீடு ஒன்றையும், சிங்கப்பூருக்கு அடிக்கடி செல்லும் வீடு வேறொன்றையும் தேர்ந்தெடுப்பதே இயல்பு. ஒரு வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு திட்டங்கள் போதும்.

எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில், குடும்பத்தினர் எட்டுப் பேர் வரை தம் மைல்களைப் பொதுக்கணக்கில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகன், கோடை விடுமுறையில் அவனைக் காணச் செல்லும் மனைவி மக்கள் என எல்லாருடைய சிறு துளிகளும் ஒன்றுசேர்ந்தால்தான் அது பயன்படும் அளவை எட்டும். தனித்தனியே வைத்திருந்தால் காலாவதியாகிவிடும்.

காலாவதி என்றேன். ஸ்கைவார்ட்ஸ் மைல்களுக்கும் சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கும் மூன்று ஆண்டுகளே ஆயுள். கத்தார் ஏர்வேஸில், தொடர்ந்து 36 மாதங்கள் வரவும் செலவும் இல்லாமல் கிடந்தால் புள்ளிகள் அழியும். மேரியட் விடுதிகளில் அந்த வரம்பு 24 மாதங்கள். ஆகவே மைல் என்பது மகளின் திருமணத்திற்குச் சேர்த்து வைக்கும் நகையன்று. பறிக்கும் பருவத்தில் பறிக்காவிட்டால் உதிர்ந்து போகும் காய்.

உம்ராவுக்குக் குழுவாகச் செல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று. குழுக் கட்டணத்தில் எடுக்கப்படும் சீட்டுகளுக்குப் பெரும்பாலும் மைல் கிடைப்பதில்லை. ஹஜ் கமிட்டியின் தனி விமானங்களைப் பற்றியும் மைல் கணக்கோடு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. மிகக் குறைந்த கட்டணச் சீட்டுகளுக்கு மைலும் மிகக் குறைவே. ஒரே எமிரேட்ஸ் விமானத்தில் அருகருகே அமர்ந்து சென்ற இருவரில், ‘ஸ்பெஷல்’ கட்டணத்தில் சென்றவர்க்குக் கொஞ்சமும் ‘ஃப்ளெக்ஸ் பிளஸ்’ கட்டணத்தில் சென்றவர்க்குப் பன்மடங்கும் ஏறும். முகவரிடம் சீட்டு வாங்கும்போதே, இது எந்த வகைக் கட்டணம், மைலுக்குத் தகுதியுடையதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மைல் எத்தனை காசு?

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது. எடுத்துக்காட்டாக, ஜித்தா சென்று திரும்ப ஒரு சீட்டின் விலை 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே சீட்டை 40,000 மைல் கொடுத்தும் பெறலாம், ஆனால் வரியும் இதர கட்டணமுமாக 11,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும் கொள்வோம். அப்படியானால் மைல்களால் மிச்சமானது 24,000 ரூபாய். அதனை 40,000ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 60 காசு. அவ்வளவுதான்.

இனி, ‘மைல் கிடைக்கிறதே’ என்று 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறொரு விமானத்தில் செல்பவரைப் பாருங்கள். அவருக்கு 2,000 மைல் ஏறியதாகக் கொண்டால் அதன் மதிப்பு 1,200 ரூபாய். கையிலிருந்த 4,000ஐக் கொடுத்து 1,200ஐ, அதுவும் மூன்றாண்டில் காலாவதியாகும் 1,200ஐ வாங்கிவந்திருக்கிறார்! மைலுக்காகப் பயணம் செய்யக் கூடாது. செய்தே தீர வேண்டிய பயணத்தில் மைலை விட்டுவிடவும் கூடாது. ‘இலவசச் சீட்டு’க்கும் வரி உண்டு என்பதை முகவரோ விளம்பரமோ முதலில் சொல்வதில்லை. பெருநாள், பள்ளி விடுமுறை, ரமளான் கடைசிப் பத்து நாள்கள் ஆகிய காலங்களில் மைல் கொடுத்துப் பெறும் இருக்கைகள் கிடைப்பது அரிது.

நிறுவனமே மூழ்கினால் மைலும் மூழ்கும். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது அதன் உறுப்பினர்களின் சேமிப்பு பயனற்றுப் போயிற்று. 2019 ஏப்ரல் 17இல் ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இண்டர்மைல்ஸ் என்ற வேறு பெயரில் சிலகாலம் உயிர்தரித்தது. 2024 நவம்பர் 12இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் கணக்குக்கு மாற்றப்பட்டன. அவர்கள் நற்பேறு உடையவர்கள்.

யாருடைய பணத்தில் பறந்தோம்?

இவ்வளவு நேரம் சொன்னது கணக்கு. இனிச் சொல்வதே இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டியது.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் மக்ரிப் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை நிறுவனச் செலவில் வெளிநாடு சென்று வந்தவர். “ஹஜ்ரத், கம்பெனிப் பயணத்தில் என் கணக்கில் மைல் நிறைய சேர்ந்திருக்கிறது. அதை வைத்து அம்மாவை உம்ராவுக்கு அனுப்பலாம் என்று ஆசை. அது ஹலாலா?” என்று கேட்டார். அவருடைய தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாயார் தையல் இயந்திரத்தில் உழைத்து அவரைப் படிக்க வைத்தவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். ஆயினும் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியைக் கடந்து செல்ல முடியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பிய நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொது நிதிக்குரியது என்றும், மற்றொரு பகுதியைத் தமக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்றும் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று பொருள்படக் கேட்டார்கள். பதவியின் பொருட்டு வந்தது பதவியை அளித்தவருக்கே உரியது என்னும் நெறி இதிலிருந்து பெறப்படுகிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இடம்பெறும் மற்றொரு நிகழ்ச்சி நம் விவகாரத்திற்கு இன்னும் நெருக்கமானது. உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையோடு இராக் சென்று திரும்பும் வழியில், பஸராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுநிதியை அவர் இவர்களிடம் கடனாகக் கொடுத்து, அதில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலை கலீஃபாவிடம் ஒப்படைத்துவிட்டு இலாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவ்வாறே செய்தனர். உமர் (ரலி) அவர்கள் அறிந்ததும், படையில் இருந்த எல்லாருக்கும் இவ்வாறு கடன் தரப்பட்டதா என்று வினவினார்கள். இல்லை என்றதும் முதலோடு இலாபத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். பணம் நட்டப்பட்டிருந்தால் நாங்கள்தாமே பொறுப்பேற்றிருப்போம் என்று உபைதுல்லாஹ் வாதாடினார். இறுதியில் அவையிலிருந்த ஒருவரின் யோசனைப்படி, இதனைப் பங்கு வணிகமாகக் கொண்டு, முதலும் இலாபத்தில் பாதியும் பொதுநிதிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மற்றவர் பணம் நம் கையில் ஓடியபோது ஓரத்தில் சிந்திய இலாபம் யாருக்கு என்ற கேள்வி விமானம் பிறப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது.

நம் காலத்து அரசுகளும் இதில் ஒன்றுபட்ட முடிவுக்கு வரவில்லை. ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு, நாடாளுமன்ற அலுவல் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சிலர் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தியது வெளியாகிப் பெரும் புயலாயிற்று. துருக்கியிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, நாடாளுமன்றம்வரை உயர்ந்த ஜெம் ஓஸ்டெமிர் தம் கட்சிப் பொறுப்பைத் துறந்தார். பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராக இருந்த கிரிகோர் கீஸி பதவி விலகினார். ஓஸ்டெமிர் பிற்காலத்தில், 2021இல், நடுவண் அமைச்சராகவே ஆனார் என்றாலும், அந்த மைல் அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவோ நேர்மாறாக, 2001ஆம் ஆண்டின் இறுதியில் சட்டமே இயற்றித் தன் நடுவண் அரசு ஊழியர்கள் அலுவல் மைல்களைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டது. நம் இந்திய அரசின் விதி கண்டிப்பானது. அலுவல் பயணத்தில் சேரும் மைல்களை அதே துறையின் வேறு அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை உண்டு. ஆகவே நடுவண் அரசுப் பணியிலிருக்கும் நம் சகோதரர்களுக்கு இதில் கேள்விக்கே இடமில்லை.

தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு. மைல் பயணியின் பெயரில்தான் ஏறும். விமான நிறுவனத்தின் விதியும் அப்படியே. பல நிறுவனங்கள், அலைச்சலுக்கு ஈடாக இருக்கட்டும் என்று அதனை ஊழியரிடமே விட்டுவிடுகின்றன. சில நிறுவனங்கள் திரும்பக் கேட்கின்றன. பணம் கொடுத்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அன்பளிப்பு, ஹலால். அவர் அறியாமல் எடுத்துக்கொண்டால் அமானிதத்தில் கைவைத்ததாகும். இதனை அறிய ஒரே வழி கேட்பதுதான். அந்த இளைஞரிடம் நான் சொன்னதும் இதுவே. பணியாளர் பிரிவுக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: நிறுவனம் அந்த மைல்களில் உரிமை கோரவில்லை, ஆனால் மைலுக்காகக் கூடுதல் கட்டணமுள்ள விமானத்தையோ சுற்று வழியையோ தேர்ந்தெடுக்கக் கூடாது என்று. அந்தப் பிற்பகுதிதான் கூர்ந்து நோக்கத்தக்கது. அனுமதி கிடைத்த பின்னும், 30,000 ரூபாய்ச் சீட்டு இருக்க, தன் கணக்கு நிரம்பட்டும் என்று 45,000 ரூபாய்ச் சீட்டை நிறுவனத்தின் தலையில் கட்டுபவர் செய்வது வேறு செயல். அதற்கு அன்பளிப்பு என்ற பெயர் பொருந்தாது.

வளைகுடாவில் வேலை செய்வோர் இதனால் கலங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை தாயகம் சென்று வரும் விடுப்புச் சீட்டு, வேலை ஒப்பந்தத்திலேயே ஊதியத்தின் ஒரு பகுதியாகச் சொல்லப்பட்டிருந்தால், அது உழைப்பின் கூலி. அதில் விளையும் மைலும் உழைத்தவருக்கே.

விடுதிப் புள்ளிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தத் தொழிற்பாதையில் வெளிநாட்டுப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் விடுதிகளில் தங்குகின்றனர். அவர்களுக்கு அறை பதிவு செய்வதும், கூட்டங்களுக்கு அரங்கம் பிடிப்பதும் நம் பிள்ளைகள் போன்ற அலுவலக உதவியாளர்களே. மேரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி. முதலிய விடுதிக் குழுமங்கள், தங்குபவருக்கு மட்டுமன்றி, பிறருக்காகப் பதிவு செய்து தருபவருக்கும் நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவருக்கும் புள்ளிகள் வழங்கும் திட்டங்களை வைத்துள்ளன. நிறுவனத்தின் பணம், நிறுவனத்தின் விருந்தினர், புள்ளி மட்டும் எழுத்தரின் சொந்தக் கணக்கில்! எந்த விடுதி என்று தீர்மானிப்பவரும் அவரே. மேலாளருக்குத் தெரியாமல் இதைப் பெறுவது இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்ச்சிக்கு வெகு தொலைவில் இல்லை. பயணியின் மைலைவிட இதில் நான் கடுமையாக இருப்பேன், ஏனெனில் இங்கே முடிவெடுக்கும் அதிகாரமே விலைபோகிறது.

கடன் அட்டை வழியாக வரும் மைல்

‘ஒருமுறைகூடப் பறக்காமல் மைல் சேர்க்கலாம்’ என்று கடன் அட்டை விற்பவர்கள் சொல்வர். உண்மைதான். ஆனால் உரிய நாளில் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 2000 செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய 12ஆம் அமர்வில், 108ஆம் தீர்மானத்தின் வாயிலாக, வட்டி நிபந்தனை உள்ள இத்தகைய அட்டை கூடாது என்றும், குறித்த தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் கூறியது. தேவை கருதி, தவணை தவறாமல் கட்டுவோர்க்குச் சலுகை காட்டும் உலமாக்களும் உள்ளனர். ஆனால் தேவை என்பது வேறு, மைல் மோகம் என்பது வேறு. மைலுக்காகவே வட்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதை எவர்தாம் தேவை என்பார்?

மார்க்கத்தை ஒரு கணம் தள்ளிவைத்து வெறும் கணக்காகவே பார்த்தாலும் அது நட்ட வணிகம். பெரும்பாலான அட்டைகளில் மாத வட்டி மூன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 50,000 ரூபாய் பாக்கி நின்றால் ஒரு மாதத்தில் வட்டி 1,750 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315 ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டு மைல் தரும் அட்டை என்று கொண்டால் அந்த 50,000க்குக் கிடைத்தது 1,000 மைல். மேலே கண்ட 60 காசு கணக்கில் 600 ரூபாய். ஒரே ஒரு மாதம் தவறியதில், பெற்றதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் போயிற்று!

சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டைக்கு வங்கி தரும் புள்ளிகள் குறித்தும் சில உலமாக்கள் தயங்குகின்றனர். வைப்புத் தொகை என்பது வங்கிக்கு நாம் கொடுத்த கடன் போன்றது, கடன் கொடுத்ததற்காக ஒரு பயனைப் பெறலாகாது என்பது அவர்களின் வாதம். ஆனால் சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கியதற்காக விமான நிறுவனமே தரும் மைலை, விற்பவர் விலையில் செய்த தள்ளுபடியாகவோ அன்பளிப்பாகவோ கருத இடமிருக்கிறது. பழுதான இடத்தைப் பார்த்து நல்ல இடத்தையும் அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை.

மக்காவில் தங்கும் புள்ளிகள்

ஹரமைச் சுற்றியுள்ள விடுதிகளில் பல உலகக் குழுமங்களைச் சேர்ந்தவை. மணிக்கூண்டுக் கோபுர வளாகத்தில் உள்ள ஃபேர்மாண்ட், ஸ்விஸ்ஸோட்டல், ராஃபிள்ஸ் ஆகியவை அக்கோர் குழுமத்தவை. ஹில்டன், கான்ராட், மேரியட், ஹயாத் பெயர்களிலும் விடுதிகள் உள்ளன. இவற்றில் புள்ளிகளைக் கொண்டு தங்க இயலும். அக்கோர் திட்டத்தில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ என்று நிலையான மதிப்பு இருப்பதால் கணக்குப் பார்ப்பது எளிது. மற்றவற்றில் நாளுக்கு நாள் மாறும். எனினும் விடுதியின் சொந்தத் தளத்திலோ தொலைபேசியிலோ நேரடியாகப் பதிவு செய்தால்தான் பொதுவாகப் புள்ளி சேரும். முகவர் வழியாகவோ குழுவாகவோ தங்கினால் சேர்வதில்லை. உம்ரா குழுவில் செல்லும் நம்மவர்க்கு ஆகவே இது அவ்வளவாகப் பயன்படாது. இதற்காகத் தனியே அலைய வேண்டியதும் இல்லை. எளிய அறையில் தங்கி ஹரமுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக நடப்பவர் இழப்பது ஒன்றுமில்லை.

எச்சரிக்கையாக ஒரு செய்தி. ‘உங்கள் புள்ளிகள் இன்று இரவோடு காலாவதியாகின்றன, உடனே இதை அழுத்துங்கள்’ என்று கைப்பேசிக்கு வரும் தகவல்களை நம்பாதீர்கள். வங்கியின் பெயரில் வாட்ஸ்அப்பில் செயலி ஒன்றை அனுப்பி, அதனைப் பதிந்ததும் கணக்கைத் துடைத்துவிடும் கூட்டம் நாடெங்கும் உலவுகிறது. எந்த நிறுவனமும் புள்ளிகளைத் தருவதற்காக ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அதுபோலவே, தம் மைல்களில் சீட்டு எடுத்துப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்பவரிடமும் விலகியிருங்கள். மைலைப் பிறருக்கு விற்பதை நிறுவனங்கள் தடை செய்துள்ளன. கண்டுபிடித்தால் சீட்டை ரத்து செய்வர். இஹ்ராம் துணியோடு மீனம்பாக்கத்தில் நின்று தவிக்கப்போவது வாங்கியவர்தான், விற்றவரல்லர்.

ஜகாத் பற்றிக் கேட்போரும் உண்டு. விமான நிறுவனங்களின் விதிகளைப் படித்தால், மைல் உறுப்பினரின் சொத்து அன்று, நிறுவனம் விரும்பியபோது மாற்றவோ நீக்கவோ கூடிய சலுகையே என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். முழு உடைமையாகாத பொருளுக்கு ஜகாத் இல்லை என்பதே எனக்குப் படுகிறது. உங்கள் ஊர் ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் மறைந்துவிட்டால் அவர் கணக்கிலுள்ள மைல் என்னவாகும் என்பதும் இதே விதியைப் பொறுத்ததே. பல நிறுவனங்களின் விதிப்படி அது வாரிசுகளுக்குத் தானாகச் சேராது. எனினும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அனுப்பிக் கேட்டால் சில நிறுவனங்கள் தம் விருப்பப்படி மாற்றித் தருகின்றன. அதற்கு முதலில் அப்படியொரு கணக்கு இருப்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல்களை எழுதி வைத்திருக்கும் வஸிய்யத் ஏட்டில், நிறுவனத்தின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்து வையுங்கள்.